இரண்டு லாரிகளும் ஒரு பெயரும்



வரலாற்றுச் சான்று என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் காசும் நம் நினைவுக்கு வருகின்றன. நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் அவற்றையே சொல்லிக் கொடுத்தவன். துருப்பிடித்த மோட்டார் லாரி ஒன்றும் கல்வெட்டைப் போலவே படிக்கத் தக்கது என்பதை எனக்குக் கற்பித்தவர் என்னுடைய பழைய மாணவர் ஒருவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர் ஒன்றில் அவர் லாரிப் பட்டறை நடத்துகிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் என்னை வருவித்து, பட்டறையின் பின்புறம் புளியமரத்தடியில் கிடந்த இரண்டு பழைய வண்டிகளைக் காட்டினார்.

"ஐயா, இரண்டும் செவர்லே. இரண்டும் கனடாவில் செய்து போருக்கு அனுப்பியவை. காயலான் கடைக்குப் போக இருந்ததை எடைக்கு விலை கொடுத்து வாங்கினேன். இதில் பாதியும் அதில் பாதியும் எடுத்தால் முழு வண்டி ஒன்று தேறும். ஆனால் அப்படிச் சேர்த்தபின், இது எந்த வண்டி என்று கேட்பார்களே. அதற்கு என்ன விடை சொல்வது?" என்றார்.

நான் அவருக்கு அன்று விடை சொல்லவில்லை. ஆசிரியனுக்கு உடனே விடை தெரியாத வினாவை மாணவன் கேட்பது நல்ல நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வினாவைத் தொடர்ந்து சென்ற இடங்களைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் அவ்விரு வண்டிகளின் நிலையைக் கூற வேண்டும். ஒன்றுக்குச் சேஸ் முழுமையாக இருந்தது. முன்னும் பின்னும் அச்சுகள் இருந்தன. ஆனால் கனடாவிலிருந்து வந்த பெட்ரோல் எஞ்சின் இல்லை; அதனிடத்தில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் ஒன்று உட்கார்ந்திருந்தது. பழைய இரும்புக் கேபினும் இல்லை; நம் ஊர்த் தச்சரும் தகர வேலைக்காரரும் கூடிக் கட்டிய மரக்கேபின் இருந்தது. அதன் கதவில் 'முருகன் துணை' என்று மஞ்சள் வண்ணத்தில் எழுதிய எழுத்து பாதி உதிர்ந்தும் படிக்கக் கூடியதாக இருந்தது. இது காட்டில் மரம் ஏற்றிய வண்டி. மற்றதோ முன்பாதி மட்டும். கேபின் சிதையாமல் இருந்தது. பெட்ரோல் எஞ்சினும் இருந்தது. ஆனால் கேபினுக்குப் பின்னால் சேஸை அறுத்து யாரோ டிரெய்லர் செய்துகொண்டு போய்விட்டார்கள். ஆக, ஒன்றுக்கு உடல் உண்டு, பிறந்தபோதிருந்த முகம் இல்லை. மற்றொன்றுக்கு முகம் உண்டு, உடல் இல்லை.

இரண்டையும் பொருத்தலாம் என்று அவர் துணிந்தாரே, ஒரு வண்டியின் உறுப்பு மற்றொரு வண்டிக்குப் பொருந்தும் என்ற உறுதி எப்பொழுது பிறந்தது? மோட்டார் வண்டியின் தொடக்கக் காலத்தில் அந்த உறுதி இல்லை. ஒவ்வொரு வண்டியையும் தேர்ந்த கைகள் அரத்தால் ராவி ராவிப் பொருத்தின. ஒரே பட்டறையில் ஒரே வாரத்தில் செய்த இரண்டு வண்டிகளுக்கிடையேகூட ஒன்றின் பல்சக்கரம் மற்றொன்றில் சேராது. 1908ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஒரு சோதனை நடத்தியது. அமெரிக்காவின் காடிலாக் கார்கள் மூன்றை புரூக்லாண்ட்ஸ் பந்தயத் திடலுக்குக் கொண்டுவந்து, ஆணி வேறு மறை வேறாகக் கழற்றினார்கள். வண்டி ஒன்றுக்கு 721 உறுப்புகள். மூன்றின் உறுப்புகளையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதிலிருந்து 89 உறுப்புகளை நடுவர்கள் எடுத்துவிட்டு, விற்பனையாளரின் இருப்பிலிருந்து புதியவற்றை வைத்தார்கள். பிறகு சாதாரணக் கருவிகளைக் கொண்டே மூன்று வண்டிகளையும் மறுபடி பூட்டினார்கள். வண்ணங்கள் மாறிப் போய், கூத்தாடியின் சட்டையைப் போல் பல நிறத்தோடு வெளிவந்த அந்த மூன்றும் திடலில் 500 மைல் ஓடின. அவ்வாண்டின் டூவார் கோப்பை காடிலாக்குக்குக் கிடைத்தது.

இச்சோதனையை நான் வகுப்பில் சொன்னபோதெல்லாம் மாணவர்கள் சிரித்தது அந்த வண்ணக் கலவையை நினைத்து. ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தத் திடலிலிருந்து வெளியேறிய மூன்று கார்களில் முதல் கார் எது, இரண்டாம் கார் எது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அவை புதியவை; அவற்றுக்கு அதுவரை வாழ்க்கை இல்லை. வாழ்ந்த வண்டிகளைக் கலக்கும்போதுதான் அந்தக் கேள்வி முளைக்கிறது.

நம் இரண்டு லாரிகளும் வாழத் தொடங்கிய கதைக்கு வருவோம். 1937ஆம் ஆண்டில் கனடாவின் பாதுகாப்புத் துறை, அந்நாட்டிலிருந்த ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் இரு நிறுவனங்களையும் அழைத்து, பிரிட்டிஷ் படையில் வழங்கியதைப் போன்ற படை லாரி ஒன்றின் மாதிரியைச் செய்து காட்டும்படி கேட்டது. சந்தையில் ஒன்றையொன்று வீழ்த்தப் பார்த்த இரு நிறுவனங்கள் அவை. போர் மூண்டதும், ஃபோர்டு வின்சரிலும் ஜெனரல் மோட்டார்ஸ் ஆஷாவாவிலுமாக, ஒரே இலக்கணத்துக்குட்பட்ட லாரிகளை வார்த்துத் தள்ளலாயின. 'கனடாப் படை மாதிரி' என்பது அவ்வகைக்குப் பெயர். 1940ஆம் ஆண்டு டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை தப்பியபோது, ஏறத்தாழ 64,000 வண்டிகளைப் பிரான்சிலேயே விட்டுவிட்டு வந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பியவற்றுள் கனடாவின் லாரிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு கோடியே இருபது லட்சம் மக்கள்கூட இல்லாத அந்த நாடு, போர் முடிவதற்குள் 8 லட்சத்துக்கு மேற்பட்ட படை வண்டிகளைச் செய்து முடித்தது. அவற்றில் 4 லட்சத்துக்கு மேற்பட்டவை இந்த மாதிரியைச் சேர்ந்தவை.

கப்பலில் இடம் மிச்சமாக வேண்டும் என்பதால் வண்டியின் மூக்கைக் குட்டையாக்கினார்கள். அதனால் எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால் இல்லாமல் அவருக்குப் பக்கத்திலேயே, ஒரு மூடியின் கீழ் வந்து உட்கார்ந்தது. ஓட்டுநர் ஆவிபறக்கும் பானைக்கு அருகில் அமர்ந்தவராய் வெந்தார். கேபினிலும் மூன்று வகை வந்தன; பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று அவற்றுக்கு எண்ணே பெயர். பதின்மூன்றாம் வகையின் முன்கண்ணாடி மேற்புறம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். வானத்து வெளிச்சம் கண்ணாடியில் பட்டு மேலே பறக்கும் பகை விமானத்துக்குப் பளிச்சிட்டுக் காட்டிக்கொடுக்காதிருக்கவே அந்தச் சாய்வு. புளியமரத்தடியில் முன்பாதியாக நின்ற வண்டிக்கு இந்தக் கேபின்தான். அதன் தகட்டில் 1943 என்றிருந்தது. ஆறு சிலிண்டரும் 85 குதிரைத் திறனும் கொண்ட செவர்லே எஞ்சின் அதற்கு. இந்த மூன்று டன் வண்டிகள் நான்கு சக்கரத்தாலும் உந்தப்படுபவை ஆதலால், பாலைமணலிலும் பர்மாவின் சேற்றிலும் செல்ல வல்லவையாயிருந்தன.

போர்க்களத்தில் இரண்டை ஒன்றாக்குவது நாள்தோறும் நடந்த தொழில். குண்டுபட்டு முன்பக்கம் சிதைந்த வண்டியின் பின்அச்சு, பின்அச்சு முறிந்த வண்டிக்குப் போகும். ஆங்கிலப் படையில் இதற்கு வழங்கிய சொல் நரமாமிசம் தின்பதைக் குறிக்கும் சொல். அவ்வளவு வெளிப்படையாகப் பேசினார்கள். பிரிட்டிஷ் படையில் இதற்கென்று 1942இல் தனிப் பொறியாளர் பிரிவு தோன்றியது. இந்தியப் படையில் 1943இல் தோன்றியது. அந்தப் பட்டறைகளில் எது மூலம், எது மாற்று என்று ஆராய யாருக்கும் பொழுதில்லை. காலையில் வண்டி கிளம்ப வேண்டும், அவ்வளவே.

அதே காலத்துக்குச் சற்று முற்பட்ட கடற்போர் ஒன்றில், இதைவிடப் பெரிய ஒட்டு வேலை நடந்தது. முதல் உலகப் போரில், 1916 அக்டோபரில், பிரிட்டனின் 'நூபியன்' என்னும் நாசகாரிக் கப்பல் டோவர் நீரிணையில் தாக்குண்டு முன்பகுதியை இழந்தது. பத்துப் பன்னிரண்டு நாட்களில் அதே வகையைச் சேர்ந்த 'சூலு' என்ற கப்பல் கண்ணிவெடியில் சிக்கிப் பின்பகுதியை இழந்தது. சாத்தம் கப்பல் தளத்தில் சூலுவின் முன்பாதியையும் நூபியனின் பின்பாதியையும் இணைத்தார்கள். ஒரே வகை என்றாலும் அகலத்தில் மூன்றரை அங்குலம் வேறுபட்டன, அதையும் சரிக்கட்டினார்கள். 1917 ஜூனில் அந்தக் கப்பல் பணியில் சேர்ந்தது. அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'சூபியன்'! சூலுவின் தலை, நூபியனின் வால்.

இந்தப் பெயரை நான் என் மாணவரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் சிரித்தார். ஆனால் எனக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை. இரண்டு கப்பல்களில் ஒன்றின் பெயரை மட்டும் வைத்திருந்தால், மற்றதில் பணியாற்றி இறந்த மாலுமிகளின் கப்பல் பெயரில்லாமல் மறைந்திருக்கும். புத்தம் புதிய பெயரை வைத்திருந்தால் இரண்டும் மறைந்திருக்கும். கடற்படை அலுவலகத்தில் யாரோ ஒருவர், ஒட்டு இருக்குமிடத்தைப் பெயரிலேயே காட்டிவிட்டார்.

இனி நம் நாட்டுக் கதை. போர் முடிந்தபின் படைக்கு மிகுதியான வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போசல் லாரி' என்ற பெயரால் அவை நம் சாலைகளில் உலவின. பேருந்தாகச் சில, சரக்கு லாரியாகப் பல. நான்கு சக்கர உந்துதல் உள்ளவை மலைக்காட்டுக்குப் போயின, மரக்கட்டைகளை இழுத்தன. பெட்ரோல் விலையோ கட்டுபடியாகவில்லை. 1950களில் சென்னையின் சிம்சன் நிறுவனம் இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் பி-6 என்னும் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினை இங்கே செய்யத் தொடங்கியதும், பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு மறுபிறவி வாய்த்தது. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள்.

அப்படி ஏற்றியதை நேரில் கண்ட ஒருவர் என் மாணவரின் பட்டறையில் இருந்தார். எண்பதை நெருங்கிய மேஸ்திரி. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், காட்டு லாரியின் எஞ்சினைத் தொட்டுக்கொண்டு, "வாத்தியாரய்யா, இதை ஏத்தினப்ப நான் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற பையன். எங்க குரு நாலு நாள் தூங்கலை" என்றார். பிறகு அவர் சொன்ன செய்திகளை எந்த நூலிலும் நான் படித்ததில்லை. புது எஞ்சினுக்கும் பழைய கியர் பாக்ஸுக்கும் இடையே துளைகள் ஒத்துவரவில்லை. தடித்த இரும்புத் தகடு ஒன்றை வட்டமாக வெட்டி, ஒரு பக்கம் ஆங்கிலேயன் துளையும் மறுபக்கம் அமெரிக்கன் துளையுமாகப் போட்டார்களாம். டீசல் எஞ்சின் கனம், முன்பக்கம் தாழ்ந்தது, அதனால் முன் ஸ்பிரிங் கட்டில் ஒரு பட்டையைக் கூட்டினார்களாம். எஞ்சின் நீளம் மிகுந்ததால் கனடாக் கேபினுக்குள் அடங்கவில்லை. ஆகவே அந்தக் கேபினைக் கழற்றி எறிந்துவிட்டு, மரக்கேபின் கட்டினார்களாம். வேகம் குறைந்தது, ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் இழுத்தது. "காட்டுல வேகம் எதுக்கு?" என்று கேட்டார் அவர்.

அப்பொழுதுதான் இடர்ப்பாடு முழுவதும் எனக்கு விளங்கியது. முன்பாதி லாரியின் கேபினைக் காட்டு லாரியின் சேஸில் வைக்க வேண்டுமானால், டீசல் எஞ்சினை இறக்க வேண்டும். மரக்கேபினை உடைக்க வேண்டும். கூட்டிய பட்டையை நீக்க வேண்டும். பொருத்துவதில் தொல்லை இருக்காது. இரண்டும் ஒரே தொழிற்சாலையின் இலக்கணத்துக்குப் பிறந்தவை. ஒரு நிறை போர் லாரி, பாசிப் பச்சை வண்ணம் பூசி, 1943ஆம் ஆண்டிலிருந்து நேரே ஓடி வந்ததைப் போல நிற்கும். கண்காட்சியில் கூட்டம் சேரும். என் மாணவரின் உள்ளம் அதிலேதான் இருந்தது, அதில் குற்றமில்லை. ஆனால் அந்த வண்டி காட்டில் உழைத்த ஆண்டுகள் எங்கே போகும்? அது போரில் இருந்தது இரண்டு மூன்று ஆண்டுகள். மலையில் உழைத்தது முப்பது ஆண்டுகளுக்கு மேல். நீண்ட வாழ்வை அழித்துக் குறுகிய வாழ்வை மீட்பது மீட்பாகுமா?

இவ்விடத்தில், லண்டன் நீதிமன்றத்தில் 1990ஆம் ஆண்டு முடிந்த வழக்கு ஒன்று எனக்குத் துணை வந்தது. 'பழைய நம்பர் ஒன்று' என்று பெயர் பெற்ற பென்ட்லி பந்தயக் கார் 1929இலும் 1930இலும் பிரான்சின் லெ மான் நகரத்தில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. 1932இல் அதற்கு எட்டு லிட்டர் எஞ்சின் பூட்டி புரூக்லாண்ட்ஸில் ஓட்டினார்கள். அந்தப் பந்தயத்தில் கார் திடலைத் தாண்டி விழுந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். பின்னர் அதற்கு வேறு உடல் கட்டினார்கள். ஆண்டுகள் பல சென்றபின் ஒருவர் அதை 1 கோடி பவுனுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்க முன்வந்த நிறுவனமோ, லெ மானில் ஓடிய காரின் உறுப்புகளில் எஞ்சியிருப்பது மிகச் சில. ஆகவே இது பழைய நம்பர் ஒன்று அன்று என்று சொல்லிப் பணம் தர மறுத்தது.

நீதிபதி ஆட்டன் அந்தக் காரின் ஒவ்வொரு மாற்றத்தையும் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். உறுப்புகளை எண்ணிப் பார்த்துத் தீர்ப்பளிக்கவில்லை. மாற்றங்கள் படிப்படியாக, வெவ்வேறு காலத்தில், அந்தக் காரின் பந்தய வாழ்க்கையினூடேயே நேர்ந்தன. எந்தக் கட்டத்திலும் அது தன் தன்மையை இழந்து வேறொன்றாகவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட உலகில் வேறு கார் எதுவும் இல்லை. இவை அவர் கண்ட உண்மைகள். 'மூல வடிவம்' என்ற சொல்லுக்கு அது தகாதென்றும், ஆயினும் அது உண்மையான பழைய நம்பர் ஒன்றே என்றும் அவர் முடிவு கூறினார். ஒப்பந்தம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

மாணவ நண்பர்கள் 'மூலம்', 'உண்மை' என்னும் இச்சொற்களின் வேறுபாட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். தொழிற்சாலை வாயிலில் எப்படி இருந்ததோ அப்படியே இருப்பது மூலம். தன் வாழ்வின் தொடர்ச்சி அறுபடாமல் நம் கைக்கு வந்து சேர்வது உண்மை. மேஸ்திரியின் குரு ஏற்றிய டீசல் எஞ்சின் மூலம் அன்று, ஆனால் உண்மை. நாங்கள் இன்று அதை இறக்கிவிட்டுப் பெட்ரோல் எஞ்சினைப் பூட்டினால், உறுப்பு அளவில் மூலத்துக்கு அருகே போவோம். உண்மையை விட்டு விலகுவோம். பென்ட்லியின் மாற்றங்கள் அதன் வாழ்நாளில் நேர்ந்தவை. எங்கள் மாற்றம் வண்டி ஓய்ந்தபின், எங்கள் ஆசைக்காக நேர்வது. அதனால் அதில் கை வைக்க எங்களுக்கு உரிமை குறைவு, பொறுப்பு மிகுதி.

கட்டடங்களைப் பேணுவோர் இந்த உண்மையை முன்பே உணர்ந்திருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டு வெனிசு நகரில் கூடி அவர்கள் எழுதிய சாசனம், பழைய கட்டடத்தில் பல காலத்தவரும் சேர்த்த தக்க பகுதிகளை மதிக்க வேண்டும் என்கிறது. இழந்த பகுதிக்கு ஈடாக நாம் வைப்பது முழுமையோடு இயைய வேண்டும். அதே வேளையில் பழையதினின்று பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும் என்கிறது. நம் கோயில்களில் பழைய மண்டபத்தின் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசிய திருப்பணிகளை நினைத்தால் இந்த விதியின் அருமை விளங்கும். பழைய மோட்டார் வண்டிகளுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பும் 2012இல் டூரின் சாசனம் என்ற பெயரில் இந்தக் கொள்கைகளையே வண்டிகளுக்குத் தழுவி ஏற்றுக்கொண்டது.

ஆனால் சாசனம் வேறு, சட்டம் வேறு. 2021ஆம் ஆண்டு நம் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளைப் பதிவு செய்யத் தனி விதிகளை வகுத்தது. 50 ஆண்டுகள் கடந்ததாய், மூல வடிவத்தில் காக்கப்பட்டதாய், பெரிய மாற்றத்துக்கு உள்ளாகாததாய் இருக்கும் வண்டியே அந்த வகையில் சேரும். சேர்ந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் கிடைக்கும். விதி நல்ல நோக்கமுடையதுதான்; கண்டபடி வெட்டி ஒட்டிய வண்டிகளுக்குப் பழம்பெருமை கொடுக்கக் கூடாதல்லவா? ஆயினும் என் மாணவர் என்னை மடக்கிவிட்டார். "ஐயா சொல்கிறபடி டீசலோடும் மரக்கேபினோடும் வைத்தால் அது மூல வடிவம் ஆகாது. நான் சொல்கிறபடி இரண்டையும் கலந்து படை லாரியாக்கினால், பார்ப்பவர் கண்ணுக்கு மூல வடிவம்போலவே இருக்கும். உண்மையாக இருப்பதற்குத் தண்டனை, பொய்யாக இருப்பதற்குப் பரிசா?" என்றார்.

இதற்கு நான் என்ன சொல்வேன்? பொய் சொல்லாதே என்று நாற்பது பேர் கொண்ட வகுப்பில் சொல்வது எளிது. இங்கே பணம் அவருடையது, உழைப்பு அவருடையது, சாலையில் ஓட்டிச் செல்லும் மகிழ்ச்சியை இழப்பவரும் அவரே. நான் கருத்து மட்டும் வழங்குகிறவன். ஆதலால் வற்புறுத்தவில்லை. ஒரே ஒன்று கேட்டேன்: "எதைச் செய்தாலும், கழற்றுமுன் படம் எடு, கழற்றிய ஒவ்வொன்றையும் ஏட்டில் எழுது. எந்த வண்டியிலிருந்து எது வந்தது என்பது உனக்குப் பின் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும்."

அந்த ஏடுதான் காரியத்தை மாற்றிற்று என்று நினைக்கிறேன். காட்டு லாரியைக் கழற்றத் தொடங்கி, ஒவ்வொரு உறுப்புக்கும் எதிரே குறிப்பு எழுதிவந்தார். மேஸ்திரி பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொண்டே வந்தார். இந்த முட்டு எப்பொழுது வைத்தது, இந்தப் பற்றவைப்பு எந்த மழைக்காலத்தில் மலைப்பாதையில் சேஸ் விரிந்தபோது போட்டது, இந்த ரிவிட்டுகள் ஏன் இரு நிறமாக இருக்கின்றன என்று ஏடு நிறைந்துகொண்டே போயிற்று. இரண்டு மாதம் கழித்து நான் சென்றபோது, மரக்கேபினை உடைக்கும் எண்ணமே அவரிடம் இல்லை. அவரே தச்சரை அழைத்து உளுத்த சட்டங்களை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார். புதுச் சட்டங்களின் உட்புறத்தில் ஆண்டைக் குறிக்கச் சொல்லியிருந்தார். கதவின் மஞ்சள் எழுத்தை மீண்டும் எழுதத் துடித்த வண்ணக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஆனாலும் இரண்டு வண்டிகளும் கலக்காமல் இல்லை. காட்டு லாரியின் முன்அச்சுக்குள் பல்சக்கரங்கள் தேய்ந்து போயிருந்தன. ஸ்டீயரிங் பெட்டி வெடித்திருந்தது. பிரேக் டிரம் ஒன்று கீறல் விட்டிருந்தது. இவையெல்லாம் முன்பாதி லாரியிலிருந்து வந்தன. படைப் பட்டறையில் 1943இல் எப்படிச் செய்தார்களோ, மலைப் பட்டறையில் 1950களில் எப்படிச் செய்தார்களோ, அப்படியே இதையும் செய்தார்கள். வேறுபாடு ஒன்றே. மாற்றிய ஒவ்வொரு உறுப்பிலும் கண்ணுக்கு உடனே தெரியாத இடத்தில் சிறு உளியால் ஓர் இரட்டைக் கோடு வெட்டினார்கள். இரட்டைக் கோடு இருந்தால் அது மற்றவன் சொத்து. சேஸின் மேல் பித்தளைத் தகடு ஒன்றில் இரு வண்டிகளின் எண்களையும் பொறித்து வைத்தார்கள். சூபியன் கப்பலின் வழியில் வண்டிக்கு ஒரு கூட்டுப் பெயர் வைக்க வேண்டும் என்று என் மாணவர் பல நாள் முயன்றார். இரண்டும் செவர்லே ஆகையால் பெயர் எப்படிக் கூட்டினாலும் செவர்லே என்றே வந்தது! மேஸ்திரி மட்டும் தம் குருவின் பெயரைச் சொல்லி, 'அவர் வண்டி' என்று அழைக்கிறார். மற்றவர்களும் அப்படியே அழைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தனிப் பதிவெண்ணுக்கு அவர் விண்ணப்பிக்கவில்லை. வண்டி பட்டறை வளாகத்துக்குள் மட்டும் ஓடுகிறது. கண்காட்சி ஒன்றுக்கு விண்ணப்பத்தாள் வந்தது. அதில் 'செய்த ஆண்டு' என்று ஒரு சிறு கட்டம். அதற்குள் நான்கு இலக்கங்களுக்கே இடம். என்ன எழுதுவதென்று அவர் என்னைக் கேட்டார். சேஸுக்கு ஓர் ஆண்டு, எஞ்சினுக்கு ஓர் ஆண்டு, கேபினுக்கு ஓர் ஆண்டு என்று மூன்றையும் பொடி எழுத்தில் எழுதி, பக்கத்தில் 'ஏடு காண்க' என்று குறித்து அனுப்பினோம். இன்றுவரை மறுமொழி இல்லை.

முன்பாதி லாரியை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அதை அவர் காயலான் கடைக்கு அனுப்பவில்லை. அறுபட்ட இடம் தெரியும்படியே துடைத்து எண்ணெய் பூசி, செங்கல் மேடை மேல் நிறுத்தி, மேலே தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். அறுத்த இடத்தில் பொய்யாக எதையும் மூடவில்லை. உள்ளே எஞ்சினும் கியர் பாக்ஸும் படம் போட்டாற்போல் தெரிகின்றன. பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் வந்து, சாய்ந்த கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்டீயரிங் சக்கரத்தைத் திருப்புகிறார்கள். அதன் அடியில் பெட்டி இல்லாததால் அது எந்தத் தடையுமின்றிச் சுழல்கிறது. சென்ற தை மாதத்தில் நான் அங்கிருந்தபோது ஒரு சிறுமி கீழே இறங்கி வந்து, அறுபட்ட பக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதோட மீதி எங்கே?" என்று கேட்டாள். என் மாணவர் அவளை அழைத்துக்கொண்டு போய், காட்டு லாரியின் அடியில் குனியச் சொல்லி, விளக்கைப் பிடித்து இரட்டைக் கோடுகளை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார்.